திரையில் ஒரு குழு, தீவில் ஒரு குழு

1979 ஏப்ரலில் கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ வெளியானது. கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் இருக்கும் ஓர் இசைக்குழு சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகிறது என்பதுதான் கதை. எம்.எஸ். விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் பாடல்கள், எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். கிதாரும் மேடை விளக்குகளும் கூட்டத்தின் கூச்சலுமாக, மேற்கத்திய பாணி இசைக்குழு என்ற ஒன்றை அந்தப் படம் தமிழ் ரசிகனின் கண்முன் நிறுத்தியது. அதே 1979-இல், சிங்கப்பூருக்கு வடக்கே பினாங்குத் தீவிலிருந்து கிளம்பிய ஆறுமுகம் சகோதரர்களின் ‘எலிகேட்ஸ்’ குழு ‘தெரிமா காசே’ என்ற மலாய் ஆல்பத்தை வெளியிட்டது. ஒன்று சென்னையில் கற்பனையாகப் பிறந்த தமிழ்க் குழு. மற்றது நிஜமாகவே மேடை மேடையாக ஏறிய தமிழர்களின் குழு. நிஜக் குழு மட்டும் தமிழில் பாடவில்லை.

இன்றும் கோலாலம்பூரின் ஜாலான் செராஸ் நெரிசலில் நிற்கும் காரின் வானொலியில் ‘சென்யும்லா கோலாலம்பூர்’ வந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, கூடவே முணுமுணுப்பார். தலைநகரைப் பற்றி மலேசியர்களுக்குப் பிடித்துப்போன பாட்டுகளில் ஒன்று, பினாங்குத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் பாட்டு. தமிழர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பெருமை நியாயம்தான். ஆனால் அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இவ்வளவு பெரிய குழுவை உருவாக்க முடிந்த சமூகத்திலிருந்து, அதே அளவுக்கு அதிர்ந்து ஒலித்த ஒரு தமிழ் ஆல்பம் வர ஏன் 2006 வரை ஆயிற்று?

திறமைக் குறைவு என்று சொல்ல வழியில்லை. கதையை 1960-களில் தொடங்கினால் அது புரியும். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து பாடிவிட்டுப் போன பிறகு, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீதிக்கு ஒரு கிதார் குழு முளைத்தது. பீட்டில்ஸ் அலை வந்ததும் அந்த இசைக்கு ‘பாப் யே யே’ என்றே பெயர் வந்தது. அந்தக் குழுக்களை மலாயில் ‘குகிரான்’ என்றார்கள். பினாங்குக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அது துறைமுக ஊர். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம். ஆங்கிலப் பாட்டுக்குக் காசு கொடுக்கும் கேளிக்கை விடுதிகளும் ஹோட்டல்களும் இருந்தன. லோகநாதன், டேவிட் ஆகிய ஆறுமுகம் சகோதரர்கள் 60-களின் இறுதியில் குழு தொடங்கியது இந்தச் சூழலில்தான். தம்பி சண்முகமும் பின்னர் அதில் சேர்ந்தார். பிறர் பாடிப் புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டுகளை இரவு முழுக்கப் பாடுவதே தொழில். அந்தத் தொழில் அவர்களை ஹாங்காங் விடுதி மேடைகள் வரை கொண்டுபோனது.

இரவு விடுதியில் பாடிப் பழகியவனுக்கு ஒரு பாடம் நன்றாகப் படிந்திருக்கும்: எதிரில் உட்கார்ந்திருப்பவன் கேட்கும் பாட்டைத்தான் பாட வேண்டும். 70-களில் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, நாட்டின் பண்பாடு இவ்வட்டாரப் பூர்வகுடிகளின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது. பள்ளிகளில் மலாய் பயிற்றுமொழியாகிக்கொண்டிருந்தது. அரசு வானொலியும் தொலைக்காட்சியும் மலாய்ப் பாட்டுக்கு முன்னிடம் தந்தன. கிராமத்திலிருந்து நகரத் தொழிற்சாலைகளுக்கு வந்த மலாய் இளைஞர்கள் கையில் சம்பளம் இருந்தது, கேசட் வாங்கினார்கள். ஆங்கிலம் பாடிய குழு மலாய்க்கு வந்தது கொள்கை மாற்றம் அல்ல, பிழைப்பு. அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

மலாய்க்கு வந்ததில் அவர்களுக்கு வாய்த்த பெரிய கொடுப்பினை எம். நாசிர். 1957-இல் சிங்கப்பூரில் பிறந்த இந்த இசையமைப்பாளர் எலிகேட்ஸுக்குத் தந்த பாடல்கள் பல. நாசிரின் மெட்டுகளில் மலாய் நாட்டார் சாயலும் மேற்கத்திய ராக் இசையும் கலந்திருக்கும். அதைச் சகோதரர்களின் குரல் இன்னொன்றாக்கிவிடும். லோகநாதனின் குரலில் ஒரு மெல்லிய குழைவு உண்டு. உரக்கப் பாடாமலே உயரத்துக்குப் போகும். டேவிட்டின் குரல் அதைவிடக் கனமானது. இருவரும் சேரும் இடங்களில், அமெரிக்கக் கறுப்பினக் குழுக்களின் சோல் பாட்டுகளை எவ்வளவு ஊன்றிக் கேட்டிருப்பார்கள் என்று தெரியும். தலையிலும் அதே செல்வாக்கு. பம்மென்று வளர்த்த ஆஃப்ரோ முடிதான் அவர்களின் முத்திரை. ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’, ‘ஹிங்கா அகீர் நந்தி’, ‘ஜிக்கா காவ் பெர்சிந்தா லாகி’, ‘சம்பாய்க்கான் சலாம் சிந்தாக்கு’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ‘ஹிங்கா அகீர் நந்தி’ இல்லாமல் மலாய்க் கல்யாண விருந்து நடக்குமா என்பதே சந்தேகம். கரோக்கே அறைகளில் அதைப் பாடிக் கெடுக்காத மலேசியரும் குறைவு.

அந்த முடியைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட முடிக்கும் இந்த வட்டார அரசுகளுக்கும் நெடுநாள் பகை. 70-களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில், முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அறிவிப்பு மாட்டினார்கள். மலேசியாவில் 1992-இல் நீண்ட முடி ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தடுத்தார். ‘சர்ச்’ குழுவின் பாடகர் எமி முடியை வெட்டிக்கொண்டது நாடே பேசிய செய்தி. 1981-இல் தென்கோடியான ஜொகூர் பாருவில் தோன்றிய சர்ச்தான் மலேசியாவின் உண்மையான ராக் குழு. அதன் 1989 ஆல்பமான ‘ஃபெனோமினா’வில் இடம்பெற்ற ‘இசபெல்லா’வும் எம். நாசிரின் இசையே. வடக்கே தமிழ்ச் சகோதரர்களின் மென்பாட்டு, தெற்கே மலாய் இளைஞர்களின் முழக்கம் என இரண்டுக்கும் ஒரே கை மெட்டுப் போட்டது.

எலிகேட்ஸை ராக் குழு என்று அழைப்பது, கறாராகப் பார்த்தால், தவறு. அது பாப் குழு. ஆனாலும் சகோதரர்கள் கட்டிய குழு என்ற வகையில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பிறந்த ‘சதர்ன் ராக்’ குழுக்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த வகை இசைக்கு வாசல் திறந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவும் டுவேன், கிரெக் என்ற இரு சகோதரர்களுடையதே. 1971-இல் அவர்களுடைய ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ நேரடிக் கச்சேரி ஆல்பம் வெளிவந்து சில மாதங்களிலேயே, அக்டோபரில், டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். இடையிடையே கலைந்தும் கூடியும், தம்பி கிரெக்குடன் அந்தக் குழு 2014 வரை ஓடியது. ஃபுளோரிடாவின் லினர்ட் ஸ்கின்னர்ட் குழு 1977 அக்டோபரில் ‘ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்ட மூன்றாம் நாள் விமான விபத்துக்குள்ளானது. பாடகர் ரோனி வேன் ஸான்ட் போனார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் தம்பி ஜானி அந்த இடத்தில் நின்று பாடினார். எலிகேட்ஸிலும் இதே நிலை வந்தது. 2007 ஜூனில் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். டேவிட் குழுவைக் கலைக்கவில்லை.

ஒப்புமை அத்தோடு நிற்கிறது. தெற்கத்திய அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ப் பேச்சில், தங்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லி, தங்கள் ஊர் ஆள்களின் கோபத்தையும் வீம்பையும் பாடினார்கள். அந்த வீம்பில் கறுப்பின மக்களை நோகடித்த உள்நாட்டுப் போர்க்காலத் தெற்கு மாநிலக் கொடிகளும் கலந்திருந்தன என்பது வேறு கதை. மலேசியத் தமிழரிடம் அப்படிச் சத்தமும் வட்டாரமும் வீம்பும் கலந்த இசை எது என்று தேடினால், எலிகேட்ஸைத் தாண்டி உறுமி மேளத்திடம்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

உடுக்கைபோல் இடை சிறுத்து, இருபுறமும் தோல் போர்த்திய கருவி உறுமி. ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் கேட்பவன் வயிற்றைக் கலக்குவது. ரப்பர்த் தோட்டத்துக் கோயில்களில் சாமி அழைக்க அடித்த இந்தக் கருவி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்தபோது கூடவே வந்தது. கிள்ளானிலும் ஷா ஆலமிலும் செராஸிலும் இளைஞர்கள் குழு சேர்ந்தார்கள், குழுவுக்குப் பெயர் வைத்தார்கள், ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டார்கள். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியில் ஒரு காவடிக்கு ஒரு குழு என்று நிற்கும் இவர்களைப் பார்த்தவர்களுக்கு, குழுக்களுக்கிடையே நடக்கும் போட்டியின் சூடு புரியும். சாமிப் பாட்டு நடுவே சினிமா மெட்டு நுழைவதும், அதைப் பெரியவர்கள் கண்டிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. இசைத்தட்டு நிறுவனங்களும் பத்திரிகை விமர்சகர்களும் இதை இசைக்குழு என்று கணக்கில் சேர்த்ததே இல்லை. சேர்த்திருக்க வேண்டும்.

ஏன் சேர்க்கவில்லை? இங்கேதான் சினிமா வருகிறது. மலேசியாவில் தமிழ்ப் பாட்டு என்றாலே அது சென்னையிலிருந்து வரும் திரைப்பாட்டு என்ற நிலை, ஒலித்தட்டுக் காலத்திலேயே உறுதியாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் இருந்த கேசட் கடைகள், புதுப்பட விளம்பரத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தே வியாபாரம் செய்தன. பின்னாளில் மின்னல் எஃப்எம் என்று பெயர் பெற்ற அரசு தமிழ் வானொலியானாலும், தனியார் ராகாவானாலும், நேரத்தின் பெரும்பகுதி திரைப்பாட்டுக்கே. நாட்டின் மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 விழுக்காடு. அந்தச் சின்னச் சந்தையின் காசை, இளையராஜாவின் முப்பது வாத்தியக்காரர்களோடு பதிவான பாட்டு ஒரு பக்கமும், உள்ளூர் ஸ்டூடியோவில் கீபோர்டை நம்பிப் பதிவான பாட்டு மறுபக்கமும் நின்று இழுத்தால் எது ஜெயிக்கும்? டார்க்கி நாகராஜாவின் ‘தி கீஸ்’ போல, உள்ளூர்த் தமிழில் பிடிவாதமாகப் பாடி நின்ற குழுக்களும் இருந்தன. திருமண மண்டபங்களும் கலைநிகழ்ச்சி மேடைகளும் அவர்களைத் தாங்கின. வானொலி நேரம் அவர்களை அதே அளவு தாங்கவில்லை.

எனவே தமிழ்க் குரல்கள் பிற மொழிகளில் பெயர் வாங்கின. எலிகேட்ஸ் ஒரு தலைமுறை என்றால், 2004-இல் முதல் ‘மலேசியன் ஐடல்’ பட்டம் வென்ற ஜேக்லின் விக்டர் இன்னொரு தலைமுறை. அவருக்கு நிலையான பெயர் வாங்கித் தந்த ‘கெமிலாங்’ மலாய்ப் பாட்டு. இடைப்பட்ட காலத்தில், 90-களின் இறுதியில், கதையைத் திருப்பிய குழு ‘போயட்டிக் அம்மோ’. யோகி பி, பாயின்ட் பிளாங்க், சி. லோகோ, லேண்ட் ஸ்லைட் என்ற நால்வர். பாசிட்டிவ் டோன் நிறுவனத்தின் வழியே 1998-இல் வந்த அவர்களின் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’, அடுத்து 2000-இல் வந்த ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’, 2003-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் த வெர்பல் ட்ரைப்’ ஆகிய மூன்று ஆல்பங்களும் அடிப்படையில் ஆங்கிலம். ஆனால் மலாய், தமிழ், கந்தோனீசு என்று மொழி தாவும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. மாமாக் (இந்திய முஸ்லிம் உணவு) கடை மேசையில் நான்கு நண்பர்கள் பேசும் பேச்சே மூன்று மொழியில் போகும் ஊரில் அது இயல்பான ராப். அந்தத் தாவலில் தமிழுக்குக் கிடைத்தது ஓரிரு வரி இடம்தான். ஆனாலும் தமிழில் ராப் செய்தால் காதுக்கு ஒட்டுகிறது என்பதை யோகி பி அங்கேதான் சோதித்துப் பார்த்துக்கொண்டார் எனலாம்.

2006-இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரின் ‘நட்சத்திரா’வோடு சேர்ந்து யோகி பி வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தில் அந்தச் சோதனை முழு உருவம் எடுத்தது. முழுநீளத் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம். அதற்கு முன் தமிழில் ராப் இல்லை என்று சொல்ல முடியாது. 1994-இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘பேட்டை ராப்’ எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது படத்தில் ஒரு சுவைக்காக வந்த பாட்டு. ‘வல்லவன்’ சொல்லாட்சியையே நம்பிய ஆல்பம். எதுகையும் மோனையும் தமிழ்ச் செய்யுளுக்குப் பிறவிச் சொத்து. ராப் கேட்பதும் அதைத்தான். மூவரும் அந்தச் சொத்தை எடுத்துச் செலவழித்த விதத்தில் மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கமும் பாரதியைப் படித்த மிடுக்கும் தெரிந்தன.

ஆல்பத்தின் பெயரைக் கடல் கடத்திய பாட்டு ‘மடை திறந்து’. அது பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்துக்காக இளையராஜா இசையமைத்த பாட்டின் மீது எழுப்பியது. மூலப்பாட்டை எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி.பி. படத்தில் அதைப் பாடுபவன், வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசைக்கலைஞன். அவன் கனவு படத்தில் கைகூடுவதில்லை. கோலாலம்பூர் இளைஞர்கள் ஆயிரம் பாட்டுகளுக்கு நடுவே இந்தப் பாட்டைத் தேர்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை. பல்லவியின் உற்சாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சரணம் வர வேண்டிய இடத்தில் மூன்று குரல்கள் மாறி மாறித் தங்கள் பெருமையைச் சொல்லின. கால் நூற்றாண்டாக உள்ளூர்ப் பாட்டின் வழியை அடைத்து நின்ற சென்னைத் திரையிசைதான், அதை உலகுக்குக் கொண்டுபோன வாகனமும் ஆயிற்று. யூடியூப் அப்போதுதான் பிறந்திருந்த காலம். பாட்டு தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளுக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, கணினிக் கோப்பாகவே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ‘ஹிப்ஹாப் தமிழா’வின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம் 2012-இல் வந்தது. அந்த ஆறு ஆண்டு முன்னிலை மலேசியாவுக்கு உரியது.

சென்னை உடனே கை நீட்டியது. 2007 தீபாவளிக்கு வந்த ‘பொல்லாதவன்’ படத்தில் ஜி.வி. பிரகாஷ் குமார் யோகி பி-யைப் பாட வைத்தார். எந்தப் பாட்டில்? ‘எங்கேயும் எப்போதும்’ மறுகலவையில். 1979-இல் சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போன கற்பனைக் குழுவின் பாட்டில், தென்கிழக்கு ஆசியாவின் நிஜக் குழுக்காரர் ஒருவர் வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின. பிறகு ‘ஆடுகளம்’, ‘விவேகம்’, ‘தர்பார்’ என்று அவர் குரல் தொடர்ந்தது. 2016-இல் மலேசியத் தமிழர் வாழ்வைக் கதைக்களமாகக் கொண்டு பா. ரஞ்சித் எடுத்த ‘கபாலி’யின் ‘உலகம் ஒருவனுக்கா’ பாட்டில், மலேசியாவின் ‘கே-டவுன் கிளான்’ குழுவைச் சேர்ந்த ரோஷன் ஜாம்ராக் ராப் செய்தார்.

இவை எல்லாம் வெற்றி என்றே பலரும் எழுதுகிறார்கள். பாதி சரி. இந்தப் பாட்டுகளில் மலேசியக் குரலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நடுவே வரும் சில அடிகள். நாயகன் நடந்து வரும்போது பின்னால் முழங்கும் பெருமைப் பேச்சு. செராஸின் அடுக்குமாடி வாழ்க்கையோ, வேலைக்கு அலையும் தமிழ்ப் பையனின் நிலையோ அந்த அடிகளில் வர வழியில்லை. அதற்கு ஆல்பம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டுகளில் ஒரு குழு தன் உலகத்தை நிதானமாக விரிக்க ஆல்பத்தில்தான் முடியும். சினிமாவுக்குள் போனதில் பெயரும் வருமானமும் வந்தன. ஆல்பம் என்ற வடிவம் இளைத்துப்போனது.

வேறு வழி இருந்திருக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ‘கபாலி’ எடுத்த அதே ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர். கானாவும் பறையும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில். அதே ஆண்டு ‘மகிழ்ச்சி’ ஆல்பம் வந்தது. பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சாவு வீட்டில் அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறையையும் கானாவையும் அவர்கள் குழுவின் நடுவில் வைத்தார்கள். மலேசியாவில் உறுமிக்கும் ஹிப்ஹாப்புக்கும் நடுவே அப்படிப்பட்ட சந்திப்பு ஓர் ஆல்பமாக, ஒரு குழுவின் அடையாளமாக இன்னும் ஊன்றி நிற்கவில்லை. இரண்டையும் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வளர்ந்த பிள்ளைகள் என்பதால் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது.

இந்த வரலாற்றை எழுத வருபவருக்கு முதல் தடை ஆதாரம். எலிகேட்ஸின் பாட்டுகள் மறுபதிப்புகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. 80-களிலும் 90-களிலும் உள்ளூரில் தமிழில் பதிவான கேசட்டுகளின் நிலைமை அப்படியல்ல. யார் கிதார் வாசித்தார், எந்த ஸ்டூடியோ, எந்த ஆண்டு என்ற விவரமெல்லாம் கேசட்டோடு வரும் அந்த மடிப்புத் தாளில் மட்டுமே இருக்கும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்தப் பெட்டிதான். 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை தமிழ் நூல்களைச் சேர்த்துப் பாதுகாத்த அக்கறையை, ஒலிநாடாக்களுக்கும் காட்ட வேண்டும். உறுமி மேளக் குழுக்களின் பதிவுகளையும் அதில் சேர்க்க வேண்டும். செராஸிலோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கேசட் இருந்தால், நாடா அறுந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். மடிப்புத் தாளை மட்டுமாவது படமெடுத்து வையுங்கள்.